இருட்டுவதற்குள் ஒரு கையெழுத்து

போன வாரம் செலின் போன் செய்தாள். விலங்கியல் துறையில் பேராசிரியை. நான் ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒருமுறையாவது கூப்பிட்டு, பல்கலைக்கழகத்தில் யார் யாரைக் கவிழ்த்தார்கள் என்று சொல்கிற ஒரே ஆள்.

"மேடம், வியாழக்கிழமை என்னைய செலக்‌ஷன் கமிட்டில போட்டிருக்காங்க. புரொபசர் போஸ்ட்டுக்கு."

"என்னன்னு போட்டிருக்காங்க?"

"மகளிர் பிரதிநிதி."

அவளே தொடர்ந்தாள். "ஆபீஸ்ல இருந்து ரொம்ப மரியாதையாச் சொன்னாங்க மேடம். கார் அனுப்பறாங்களாம். இருட்டறதுக்குள்ள வீட்டுக்கு அனுப்பி வெச்சிடுவாங்களாம். நான் ஒன்னும் கவலைப்பட வேணாமாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, காது இரண்டும் சூடாகிவிட்டன. நான் இரத்த அழுத்த மாத்திரை போடுகிறவள். கோபப்படக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. கோபப்படாமல் இந்த விஷயத்தை எழுத எனக்குத் தெரியாது. ஆகவே மாத்திரையைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

என் பெயர் தெய்வானை. வேதியியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்தது மோகனூர்ப் பக்கம் கரும்பு விவசாயக் குடும்பத்தில். வாழ்க்கைப்பட்டது நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் பழனிசாமிக்கு. வேலை பார்த்தது சேலத்துச் சமவெளியில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தெரிந்த எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை அந்த இடத்தில் வைத்துப் படித்தாலும் கதை மாறாது.

நான் படித்ததையும், ஆராய்ச்சி செய்ததையும், முதல் வேலை கிடைத்ததையும் விட்டுவிடுகிறேன். அங்கெல்லாம் யாரும் என்னை மறிக்கவில்லை. பெண் பாடம் நடத்தலாம். விடைத்தாள் திருத்தலாம். அட்மிஷன் சமயத்தில் வெயிலில் மேஜை போட்டு உட்காரலாம். விழா என்றால் பொன்னாடைத் தட்டை ஏந்திக்கொண்டு மேடையோரம் நிற்கலாம். இந்த வேலைகளிலெல்லாம் எங்களுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. நிர்வாகக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறும்போதுதான் வில்லங்கம் தொடங்கும். பேராசிரியர், டீன், தேர்வாணையர், பதிவாளர் என்று எல்லாப் பதவிகளும் அந்த மாடியில் இருக்கும் ஒரு ஹாலில்தான் தீர்மானிக்கப்படும்.

தேர்வுக் குழு எப்படி உட்காரும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துணைவேந்தர் தலைவர். வெளியூர்ப் பல்கலைக்கழகங்களிலிருந்து பாட வல்லுநர்கள் வருவார்கள். அரசு சார்பில் ஒருவர் இருப்பார். இவர்களோடு ஒரு பெண் உறுப்பினரும் இருக்க வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் எங்கள் ஊரில் அந்த விதிக்கு ஒரு வழக்கம் பிடித்து வைத்திருந்தார்கள்.

அந்த வழக்கத்தை நான் முதலில் பார்த்தது, நானே பேராசிரியர் பதவிக்கு நேர்காணலுக்குப் போனபோது. நேர்காணல் நன்றாகவே நடந்தது. கேள்விகளில் பாதி வேதியியல். மீதிப் பாதி, நாமக்கல்லிலிருந்து தினமும் எப்படி வந்து போகிறீர்கள், பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள், வீட்டுக்காரருக்கு இதில் சம்மதமா என்பது. சம்மதம் என்று எழுதி வாங்கி வந்திருக்க வேண்டுமோ என்று ஒரு கணம் பயந்துவிட்டேன். வெளியே வந்து போர்ட்டிகோவில் நின்றுகொண்டிருந்தபோது, குழுவில் இருந்த வெளியூர் அம்மையார் படியிறங்கி வந்தார். எனக்குப் பிறகு போக வேண்டிய ஆட்கள் மாடி வராந்தாவில் இன்னும் காத்திருந்தார்கள். இவரோ கையில் ஒரு மிக்சர் பாக்கெட்டோடு காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பண்ணினீங்கம்மா. உங்களுக்குத்தான் வரும்" என்றார்.

"இன்னும் முடியலீங்களே. அதுக்குள்ள கெளம்பிட்டீங்க?"

"இருட்டிடும்னு அனுப்பி வைக்கறாங்க. கையெழுத்து போட்டாச்சு. ரொம்ப நல்ல மனுஷங்க."

கார் போய்விட்டது. பதவி எனக்கு வரவில்லை. அந்த அம்மையார் கையெழுத்துப் போட்ட தாளில் அப்போது மதிப்பெண்களே எழுதப்படவில்லை என்பதைப் பின்னால் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெண் உறுப்பினர் முதலில் கையெழுத்துப் போடுவார், கார் ஏறுவார். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஆண்கள் பேசுவார்கள். பேசி முடித்ததும் கட்டங்கள் நிரம்பும். பெண் பிரதிநிதி ஒப்புக்கொண்டதாகவும் ஆகிவிடும். இதை யாரும் ரகசியமாகக்கூடச் செய்யவில்லை. பெண்களுக்குச் செய்கிற மரியாதை என்றே எல்லாரும் நம்பினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பெண்களும் அப்படித்தான் நம்பினார்கள். எனக்கு வயிறு எரிந்தது அதற்குத்தான்.

அடுத்த தடவையும் எனக்கு வரவில்லை. அதற்கும் அடுத்த தடவை கிடைத்தது. அதற்குள் என்னிடம் படித்த ஒரு பையன் எனக்கு முன்பே பேராசிரியராகி, ஆசிரியர் கூட்டத்தில் என்னைப் பார்த்து, "வாங்க மேடம், உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினான். மரியாதையான பையன்தான். அவனைச் சொல்லி என்ன இருக்கிறது.

பிறகு தேர்வாணையர் பதவி காலியானது. ஒரு பல்கலைக்கழகத்தில் பரீட்சை சம்பந்தப்பட்ட தலைவலி அத்தனைக்கும் தேர்வாணையர்தான் தலையைக் கொடுக்க வேண்டும். என்னைப் பொறுப்புத் தேர்வாணையர் என்று போட்டார்கள். பொறுப்பு என்றால் வேலை முழுசாக உண்டு, பதவி கிடையாது. எனக்கு முன்னால் பொறுப்பில் உட்கார்ந்த ஆண்களுக்கெல்லாம் சீக்கிரமே நிரந்தர ஆணை வந்துவிட்டது. எனக்கு மட்டும், பார்க்கலாம், அடுத்த கூட்டத்தில் வைக்கலாம் என்று இழுத்துக்கொண்டே போனது.

வினாத்தாள் கட்டுகள் அச்சகத்திலிருந்து வந்து இறங்கும்போது நான் நிற்க வேண்டும். முடிவு வெளியிடும் நாட்களில் கடைசி மதிப்பெண் பட்டியல் சரிபார்த்து முடியும் வரை நான் இருக்க வேண்டும். அந்த நாட்களில் நான் எப்போது வீடு போய்ச் சேர்ந்தேன் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கார் ஏற்பாடு செய்ததில்லை. மிக்சர் பாக்கெட் கொடுத்ததில்லை. அப்போதெல்லாம் நாமக்கல்லில் இருட்டவில்லையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் புதுத் துணைவேந்தர் வந்தார். அவரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவர் கெட்டவர் இல்லை. பெண்கள் யார் அறைக்குள் வந்தாலும் எழுந்து நிற்பார். எல்லாரையும் அம்மா என்றுதான் அழைப்பார், நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணையும். குரலை உயர்த்திக் கேட்டவர் கிடையாது. எனக்கு ஒருமுறை தொண்டை கட்டியிருந்தபோது அவரே மணியடித்து வெந்நீர் வரவழைத்தார். முடியாது என்ற சொல் அவர் வாயில் வராது. மேஜைக் கண்ணாடியை விரலால் துடைத்துக்கொண்டே, "பார்க்கலாம் அம்மா" என்பார். அந்த விரல் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினால் காரியம் நடக்காது என்று அர்த்தம். தங்கமான மனுஷன் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. என் உத்தியோக வாழ்க்கையில் முரடர்களிடம் நான் தோற்றதில்லை. தங்கமான மனுஷர்களிடம்தான் தோற்றேன்.

விலங்கியல் துறையில் ஒரு பேராசிரியர் பதவிக்கு விளம்பரம் வந்தது. செலின் அப்போது இணைப் பேராசிரியை. சேலம் டவுனில் சர்ச்சுக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவள். கணவர் மேட்டூர் அனல் மின் நிலையத்தில் வேலை. அதனால் மேட்டூர் குவார்ட்டர்ஸில் குடியிருந்தாள். அணையில் இருக்கும் மீன்களைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி. விடிகாலையில் மீனவர்களோடு பரிசலில் போய்த் தண்ணீரும் மீனும் எடுத்துக்கொண்டு, அந்த ஈரப் புடவையோடு முதல் வகுப்புக்கு வந்து நிற்பாள். அவளுடைய கட்டுரைகளை வெளிநாட்டில் படித்தார்கள். உள்ளூரில், மீன் வாசம் அடிக்கும் மேடம் என்று கிண்டல் செய்தார்கள்.

அந்தக் குழுவில் என்னைப் பெண் உறுப்பினராகப் போட்டார்கள்.

அந்த ஹாலை நான் அதற்கு முன் விண்ணப்பதாரராக மட்டுமே பார்த்திருந்தேன். நீளத் தேக்கு மேஜை, பெயர்ப் பலகைகள், குளிர் நடுங்க ஏசி. பெண் உறுப்பினருக்கு நாற்காலி கதவோரம். போகும்போது யாருக்கும் இடைஞ்சல் இருக்காது பாருங்கள். அந்த மாடியில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஆண்களுக்கு உண்டு, நல்ல டைல்ஸ் போட்டது. எங்களுக்கு வேண்டுமென்றால் படியிறங்கி, வெயிலில் நடந்து நூலகக் கட்டடத்துக்குப் போக வேண்டும். அதனால் காலையிலிருந்தே நான் தண்ணீரைக் கிட்டத்தில் சேர்க்கவில்லை. இரண்டாம் மாடிக்குப் போகிற எல்லாப் பெண்களும் செய்கிற காரியம்தான் அது.

விண்ணப்பதாரர்களில் தேறுகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி செலின். இன்னொருவர் அவளைவிட அனுபவம் குறைந்த ஓர் ஆண். நல்ல மாதிரிதான், ஆனால் அவர் செய்திருந்த ஆராய்ச்சி அவளுடையதில் கால்வாசிகூடத் தேறாது. அவர் உள்ளே வந்ததும் வெளியூர் வல்லுநர், "துறையை எப்படி வளர்க்கப் போறீங்க தம்பி?" என்று கேட்டார். தம்பி வாயாலேயே மாளிகை கட்டினார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

செலின் வந்தாள். அதே வல்லுநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"பரிசல்ல மீனவங்களோட தனியாவா போவீங்க?"

"ஆமா சார். சில நாள் ஸ்டூடண்ட்ஸும் வருவாங்க."

"வீட்ல ஒன்னும் சொல்ல மாட்டாங்களா?"

"என்ன சொல்லணும் சார்?"

அவருக்குப் பதில் பிடிக்கவில்லை. "இல்ல, மேட்டூர்ல குடியிருக்கீங்க. புரொபசர் ஆனா துறைத் தலைவர் பொறுப்பு வரும். அவசரம்னா உடனே வர முடியுமா? உங்க வீட்டு சாருக்கு வேற ஊருக்கு மாற்றல் ஆனா என்ன செய்வீங்க?"

"சாருக்கு மாற்றல் ஆனா சார் போவாரு" என்றாள் செலின்.

அரசுப் பிரதிநிதி தாளில் எதையோ கிறுக்குவது போலக் குனிந்துகொண்டு சிரித்தார். அவளுடைய மீன்களைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். அணை நீர் வற்றும் காலத்தில் என்ன ஆகிறது என்று அவள் பத்து நிமிடம் சொன்னாள். எனக்கு விலங்கியல் தெரியாது, ஆனால் விஷயம் தெரிந்தவர் பேசினால் அடையாளம் தெரியும்.

நேர்காணல் முடிந்தது. மதியச் சாப்பாடும் முடிந்தது. துணைவேந்தர் மதிப்பெண் தாளை எடுத்து, அவரே எழுந்து வந்து என் முன்னால் வைத்தார். பேனாவையும் மூடி கழற்றிக் கொடுத்தார்.

"அம்மா, நீங்க நாமக்கல் வரைக்கும் போகணும். இருட்டிடும். கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்புங்க. முருகேசன் வண்டியோட ரெடியா இருக்கான்."

கட்டங்கள் எல்லாம் வெள்ளையாக இருந்தன.

"மார்க் இன்னும் போடலீங்களே ஐயா" என்றேன்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் அம்மா. வெறும் ஃபார்மாலிட்டி."

"அப்ப மார்க்கைப் போட்டுட்டே கையெழுத்துப் போடறேனுங்க."

"நேரம் ஆகும் அம்மா. இருட்டிடுமே."

"இருட்டட்டுமுங்க."

அவர் முகத்தில் கோபம் இல்லை. உண்மையாகவே கவலைப்பட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் ஒரு பக்கம் சிரிப்பும் ஒரு பக்கம் ஆத்திரமும் வருகின்றன. அத்தனை பெரிய மனிதர்களுக்கும் பேச்சு வரவில்லை. ஒரு பெண் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பேச்சை எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பழக்கமே இல்லை, பாவம். மேட்டூர் அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று பேசினார்கள். முட்டை விலையைப் பேசினார்கள். நான் நாமக்கல்காரி என்பதால் கோழித் தீவன விலையை என்னிடமே கேட்டார்கள். எங்களுக்குப் பட்டறைதானுங்க, கோழிப்பண்ணை கிடையாது என்றேன்.

டீ வந்தது. நான் வேண்டாம் என்றேன். மறுபடியும் டீ வந்தது. முருகேசன் கதவைத் திறந்து தலையை நீட்டினான்.

"மேடம், வண்டி ரெடிங்க."

"இருக்கட்டும் முருகேசா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்தான். யார் அனுப்பினார்கள் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. "மேடம், பைபாஸ்ல டிராபிக் ஆயிருமுங்க."

"நீ ஊட்டுக்குப் போ சாமி. நான் பஸ்ஸுல போய்க்கறேன்."

அவன் துணைவேந்தரைப் பார்த்தான். துணைவேந்தர் மேஜைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, பஸ்ஸுலயா? பெண்கள் தனியா இருட்டுல..." என்று ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, எங்க ஊர்ல மோட்டாருக்குக் கரன்ட்டு ராத்திரிலதான் உடுவாங்க. கரும்புக்குத் தண்ணி கட்டறதுக்கு நானும் எங்கம்மாவும்தான் போவோம். பாம்பு கெடக்கும். ஒரு வண்டியும் வந்து நின்னதில்லீங்க. இங்க லைட்டு எரியுது, ஏசி ஓடுது. எனக்கு ஒன்னும் ஆகாதுங்க. நீங்க பேசுங்க."

கடைசியில் வெளியூர் வல்லுநருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவர்தான் வாயைத் திறந்தார்.

"அந்தம்மா திறமைசாலிதான், நான் இல்லேங்கல. ஆனா ஃபேமிலி கமிட்மென்ட் அதிகம். அந்தத் தம்பிக்கு இது ரொம்ப முக்கியம். அவர் சம்பளத்துலதான் குடும்பம் ஓடுது. இந்தம்மா வீட்டுக்காரருக்கு நல்ல வேலை. அடுத்த தடவை பாத்துக்கலாமே."

"செலினோட ஊட்டுக்காரரு சம்பளம் வாங்கறது செலினோட குத்தமுங்களா? அந்தத் தம்பி சம்சாரம் டீச்சருங்க. அவங்க சம்பளத்தை ஏன் கணக்குல சேர்க்கலீங்க?"

"மேடம் உணர்ச்சிவசப்படறாங்க" என்று இன்னொரு வல்லுநர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். என் காதில் விழும்படியாகத்தான் சொன்னார். நான் உணர்ச்சிவசப்பட்டேன். ஏன் படக் கூடாது? ஒருத்தியின் இருபது வருட உழைப்பை முட்டை விலைக்கும் டீக்கும் நடுவில் பங்கு போடுகிறார்கள், நான் தாலாட்டா பாட வேண்டும்?

ஒவ்வொருவரும் என் கண் முன்னால் மதிப்பெண் போட வேண்டியதாயிற்று. போட்டார்கள். கூட்டிப் பார்த்தால் தம்பி முன்னால் இருந்தார். நான் என் கையெழுத்துக்கு மேலே, இந்த முடிவுக்கு உடன்படவில்லை என்று எழுதி, காரணங்களையும் எழுதினேன்.

துணைவேந்தர் என்னைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"அம்மா, உங்க தேர்வாணையர் விஷயத்தை அடுத்த ஆட்சிக்குழுவுல வைக்கலாம்னு இருக்கேன். நிரந்தரமா. இந்த நேரத்துல நீங்க இப்படி ஒரு குறிப்பு எழுதினா நாலு பேர் என்ன நினைப்பாங்க? வேற தாள் கொண்டுவரச் சொல்றேன். சாதாரணமா ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

அந்தப் பதவி எனக்கு வேண்டும். வேண்டாம் என்று இப்போது வீரம் பேச மாட்டேன். அத்தனை வருடம் பொறுப்பில் உட்கார்ந்து பரீட்சை நடத்தியவள் நான். கதவில் என் பெயருக்குக் கீழே பொறுப்பு என்ற சொல் இல்லாத ஒரு பலகையைப் பார்க்க வேண்டும் என்று எவ்வளவோ நாள் நினைத்திருக்கிறேன். அவர் மேஜை எதிரில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பலகையைத்தான் நினைத்தேன்.

"செலினை நான் உட்டுக்குடுத்தா என்னோட போஸ்ட்டு பர்மனன்ட் ஆகுங்களா?"

"நான் அப்படிச் சொல்லலையே அம்மா."

"சொல்லலீங்க. ஆனா எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு. தாளை மாத்த வேண்டாமுங்க. நான் வாரேன்."

அவர் எழுந்து நின்று கும்பிட்டார். கடைசி வரை மரியாதை குறையவில்லை.

முதல் வேலையாக நூலகக் கட்டடத்துக்கு ஓடினேன். அதைப் பூட்டியிருந்தார்கள். மாணவியர் விடுதி வரை நடந்தேன். பிறகு பஸ் ஏறி நாமக்கல் வந்து சேர்ந்தேன். இருட்டில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜன்னலோரம் சீட்டுக் கிடைத்தது. வீட்டில் பழனிசாமி வாசல் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"உக்காந்திருந்தேனுங்க."

"அந்தப் பர்மனன்ட்டு?"

"போச்சுங்க."

அவர் எழுந்தார். "சரி, கையக் கழுவு. சோறு ஆறிப்போச்சு" என்றார்.

இனி நடந்ததுதான் என் கோபத்தில் ஆறாத பகுதி. என் குறிப்போடு அந்தத் தாளை ஆட்சிக்குழுவுக்குக் கொண்டுபோக அவர்களுக்குத் தைரியம் வரவில்லை. தம்பிக்குக் கொடுத்தால் கேள்வி வரும். செலினுக்குக் கொடுக்க மனசு வராது. ஆகவே தகுதியானவர் யாரும் இல்லை என்று சொல்லி விளம்பரத்தையே ரத்து செய்தார்கள். அந்தப் பதவி பல வருடம் காலியாகக் கிடந்தது. ஒரு பெண்ணை உட்கார வைப்பதற்குப் பதிலாக வெறும் நாற்காலியே மேல் என்று நினைத்தார்கள் பாருங்கள், அதை என்னவென்று சொல்வது. அந்த வாரமே தேர்வாணையர் பொறுப்பும் என்னிடமிருந்து போனது. எனக்குப் பின் பொறுப்புக்கு வந்த ஆணுக்கு அடுத்த கூட்டத்திலேயே நிரந்தரமாகிவிட்டது.

செலின் என் அறைக்கு வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்காரவில்லை.

"நீங்க நியாயம் பேசிட்டீங்க மேடம். உங்களுக்கு மனசு ஆறியிருக்கும். எனக்குப் போஸ்ட்டே போயிடுச்சு. சும்மா இருந்திருந்தா அடுத்த தடவையாவது குடுத்திருப்பாங்க."

"குடுத்திருக்க மாட்டாங்க செலினு."

"அது எனக்குத் தெரியணும்ல மேடம். நானே தோத்துப் பாத்துத் தெரிஞ்சிருப்பேன்ல."

அவள் கோபம் சரியானதுதான், ஆனால் போய்ச் சேர வேண்டிய இடம் அது இல்லை. மாடியில் இருந்தவர்கள் மேல் காட்ட முடியாததை என் மேல் காட்டினாள். ஒரு வருடத்துக்கு மேல் அவள் என்னோடு பேசவில்லை. வழியில் பார்த்தால் வணக்கம் மேடம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். பிறகு பணிமூப்பில், ரொம்பத் தாமதமாக, அவளுக்குப் பேராசிரியை என்ற பட்டம் வந்தது. அன்று ஒரு கவரில் வறுத்த மீனோடு நாமக்கல்லுக்கே வந்துவிட்டாள். எங்கள் வீட்டில் புரட்டாசி. பழனிசாமி அதைப் பார்த்துவிட்டு, "உள்ள வெய் சாமி, நான் பட்டறைக்குப் போறேன்" என்று கிளம்பிப் போனார். நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். பழைய பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அந்தச் செலினுக்குத்தான் இப்போது இருட்டுவதற்குள் கார் அனுப்புகிறார்கள். துணைவேந்தர்கள் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள். மகளிர் தினத்துக்கு ஆண்டுதோறும் பெரிய பந்தல் போடுகிறார்கள். என்னையே ஒருமுறை சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டு, பெண்களும் தலைமைப் பண்பும் என்று பேசச் சொன்னார்கள். எனக்கு வந்த பொன்னாடையை ஏந்திய தட்டை மேடையோரம் ஒரு உதவிப் பேராசிரியைதான் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் மாறியிருக்கிறது, அந்த வழக்கத்தைத் தவிர.

"யார் யாரு வாராங்க செலினு?" என்று போனில் கேட்டேன்.

"கெங்கவல்லிப் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு வருது மேடம். நல்லாப் பண்ணியிருக்கா. பேப்பரெல்லாம் பாத்தேன். அவளுக்கு எதிர்ல ஒருத்தர் இருக்காரு. அவருக்குத்தான்னு இப்பவே பேச்சு."

நான் யோசனை சொல்லவில்லை. என்ன செய்தால் என்ன நடக்கும் என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். விலை கொடுத்தது நான் மட்டும் இல்லை. அவளும்தான் கொடுத்தாள், நான் கொடுத்ததைவிட அதிகமாக. அதனால் இந்தப் பெண்ணுக்காக உட்கார் என்று அவளிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை எனக்கு வேலை ஓடவில்லை. மதியத்திலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தேன். இந்நேரம் தாள் வந்திருக்கும், பேனாவின் மூடியைக் கழற்றியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். பழனிசாமி பட்டறையிலிருந்து வந்து, "மாத்திரையப் போட்டியா?" என்று கேட்டார். போட்டேன் என்றேன். போடவில்லை.

தெருவிளக்கு எரிய ஆரம்பித்த பிறகு செலினிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"டிரைவரை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன் மேடம்."

என்ன எழுதுவது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அடுத்தது வந்தது.

"எல்லாரும் முட்டை விலையப் பத்திப் பேசிட்டிருக்காங்க."

வெளியே நன்றாக இருட்டிவிட்டது. பழனிசாமி வாசல் விளக்கைப் போட்டார். மறுபடியும் போன் மினுங்கியது.

"இந்த மாடில இன்னும் நமக்கு பாத்ரூம் கட்டலை மேடம். மூணு தடவை டீ வந்துச்சு. நான் தொடலை."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்து அனுப்பினேன்.

"எந்திரிக்காத சாமி."